செருப்பைக் கையில் பிடித்த படம்

போன வாரம் நம் சபைச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படத்தைப் போட்டார். பார்த்தவுடன் ஆளாளுக்குக் கைகூப்புகிற பொம்மையை அனுப்பினீர்கள். நான் ஒன்றும் அனுப்பவில்லை. "ஏனுங்கக்கா கம்முனு இருக்கறீங்க? நீங்களுந்தான் படத்துல இருக்கறீங்க" என்று செயலாளர் தனியாகக் கேட்டார். கம்மென்று இருந்தது கோபத்தில். இப்போது எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் பொம்மை அனுப்புங்கள்.

ஆண்டுவிழா மலரில் அந்தப் படத்துக்குக் கீழே போடப்போகும் வாசகத்தையும் அவர் அனுப்பியிருந்தார். "ஆண்டவர்மேல் கொண்ட பக்தியினால் பாதரட்சைகளைக் கழற்றிக் கையில் ஏந்தி, குருத்தோலைப் பவனியில் நடந்த நம் முன்னோர்."

பக்தியாவது, பாதரட்சையாவது. முதலில், முன்னோர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? மூன்றாவது வரிசையில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நிற்கிற முன்னோர் நீங்கள்தான், செயலாளரே. பக்கத்தில் இரட்டைச் சடையும் உர்ரென்ற முகமுமாக நிற்பது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி. நமக்கெல்லாம் இப்போது தலை நரைத்துவிட்டது, மை பூசி மறைக்கிறோம். தலைக்குப் பூசுங்கள். படத்துக்குப் பூசாதீர்கள்.

இரண்டாவது, கையில் இருப்பது குருத்தோலையே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். வேப்பங்கொத்து.

நம் வளவு ஊருக்கு மேற்கே, காங்கேயம் போகும் தார்ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே தள்ளி இருந்தது. மொத்தம் முப்பது வீடு. நடுவில் ஓடு வேய்ந்த நம் கோயில். மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். வருடா வருடம் குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னால் ஆராதனை நடத்தும் உபதேசியார் வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போவார். நம் ஆட்களில் பாதிப்பேர் அவருடைய தோட்டத்தில்தான் வேலை செய்தார்கள். உபதேசியார் வாசலுக்கு வெளியே செருப்பில்லாமல் நின்று, "ஐயா, இந்த வருசமும் குருத்து வேணுமுங்க" என்பார். அவரும் தென்னந்தோப்பில் நாலு மரத்தைக் காட்டுவார். "தங்கமான மனுசன்" என்று நம் வீடுகளில் ஒரு வாரம் பேசிக்கொள்வோம்.

அந்தத் தங்கத்துக்கு ஒரு விலை இருந்தது. பவனி கோயிலில் கிளம்பி, கிளுவை வேலிகளுக்கு நடுவே மாட்டுவண்டித் தடமான இட்டேரியில் நடந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பக் கோயிலுக்கே வந்துவிட வேண்டும். ஊர்த்தெருவுக்குள் கால் வைக்கக் கூடாது. அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. வேலைக்குப் போகும்போது நம்மவர்கள் அந்தத் தெருவில் நடந்தார்கள்தான், ஆனால் தெருமுனைச் சிறுபாலத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். சைக்கிள் இருந்தால் இறங்கித் தள்ளுவார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு கூட்டமாகப் போவது என்பதை யாரும் நினைத்தே பார்த்ததில்லை.

நினைத்துப் பார்க்க வைத்த பாவி நான்தான்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவாள். வந்தால் அவள் துணிப்பையில் புதுப் பனியன் வாசம் அடிக்கும். ஞாயிறுபள்ளியில் நமக்குக் கதை சொன்னது அவள்தான், மறந்துவிட மாட்டீர்கள். அந்தப் பங்குனியில் எனக்குச் செருப்பு வாங்கி வந்திருந்தாள். என் வாழ்க்கையின் முதல் செருப்பு. சிவப்பு வார், அதன்மேல் வெள்ளைப் பூ. அதன் ரப்பர் மணத்தை முகர்ந்துகொண்டே தூங்கினேன்.

அடுத்த நாள் இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் போன கதையை அத்தை சொன்னாள். சின்னப் பிள்ளைகள் ஓசன்னா என்று கத்தினார்கள், பெரிய மனிதர்களுக்கு அது பிடிக்கவில்லை, வாயை மூடச் சொன்னார்கள் என்றாள். நான் கையைத் தூக்கினேன்.

"ஏனுங்கத்தை, அவரு ஊருக்குள்ள போனாருங்க. நாம மட்டும் ஏனுங்க இட்டேரியில சுத்தீட்டு வாரோம்?"

 அத்தை குனிந்து என் செருப்பைப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் கூடினார்கள். அத்தை எழுந்து நின்று என் கேள்வியை அப்படியே கேட்டுப்போட்டாள். உபதேசியாருக்கு வேர்த்துவிட்டது.

"அம்மணி, ஊரு இன்னிக்கு நேத்தா இப்பிடி இருக்குது? கர்த்தர் உள்ளத்தைப் பாக்கறாரு. தெருவைப் பாக்கறதில்ல."

"உள்ளத்தைப் பாக்கறவருக்கு ஓலை எதுக்குங்க? அவங்கவங்க ஊட்டுக்குள்ளயே கும்புட்டுப்போட்டுப் படுத்துக்கலாமே."

பின்னாலிருந்து ஒருவர் சொன்னது மட்டும் நியாயமாக இருந்தது. "நீ திங்கக்கெழம பஸ் ஏறிப் போயிருவே அம்மணி. நாளைக்குத் தோட்டத்துல போயி நிக்கறது நாங்க." அத்தை அவர் பக்கம் திரும்பி, "ஆமாங்கண்ணா, அது நெசந்தான்" என்றாள்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். பெண்கள் பக்கம்தான் முதலில் கைகள் எழும்பின. என் அம்மா கை முதலாவது. ஆண்கள் தலையைச் சொறிந்தபடி ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். என் அப்பா தூக்கவே இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துண்டை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அப்பா தோட்டத்துக்காரரின் கட்டுத்தரையில் மாடு பார்க்கிறவர். அங்கே ஒரு பூச்சிக்காளை இருந்தது. சுற்று வட்டாரத்துப் பசுக்களையெல்லாம் சினைக்கு அதனிடம்தான் கொண்டுவருவார்கள். செவலைக் கன்றாக அது தரையில் விழுந்த நாளிலிருந்து, சாம்பல் நிறம் ஏறித் திமில் கறுத்து நின்றது வரை அப்பாதான் பார்த்தார். வேறு யார் கிட்டே போனாலும் முட்டும். அப்பா "நில்லு சாமி" என்றால் நிற்கும். நாள் முழுக்க அதனோடு பேசுகிறவர், வீட்டுக்கு வந்தால் எங்களோடு நாலு வார்த்தை பேசமாட்டார். பவனி தெருவுக்குள் போனால் முதலில் போகிற வேலை அப்பாவினுடையது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

அந்த வாரம் உபதேசியார் குருத்துக் கேட்கப் போனார். அதற்குள் விஷயம் போய்விட்டிருந்தது. தோட்டத்துக்காரர் கோபப்படவில்லை. நம் பக்கத்தில் கோபத்தையும் மரியாதையாகத்தானே சொல்வார்கள்?

"குருத்து வெட்டுனா மரம் பட்டுப்போகுமாமப்பா. விவசாய ஆபீசர் சொல்லிப்போட்டாரு. இனி வேண்டாம் பாத்துக்க."

இருபது வருடமாகப் பட்டுப்போகாத மரம் அந்த வருடம் பட்டுப்போகப் பார்த்தது!

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் ஓலை இல்லாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். உபதேசியார் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது. ஓலை இல்லை, அதனால் பவனியும் இல்லை என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்போது என் அம்மா எழுந்து, கோயிலுக்குப் பின்னால் பூத்துக் கிடந்த வேப்பமரத்திலிருந்து ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"அய்யோ, அது மாரியாத்தா சமாச்சாரமாச்சே!" என்றார் உபதேசியார்.

"மரத்தை ஆருங்க படைச்சது?" என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். மேல்படிப்புப் படித்த ஆயர்கள் பலருடைய பிரசங்கத்தைப் பிறகு கேட்டிருக்கிறேன். அந்த மூன்று சொல்லுக்கு நிகராக ஒன்றும் கேட்டதில்லை.

ஞாயிறு விடிகாலை. அப்பா வழக்கம்போலக் கட்டுத்தரைக்குக் கிளம்பினார். பவனிக்கு வரப்போவதில்லை என்று புரிந்துவிட்டது. இயேசுவை எனக்குத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை மறுதலித்ததும் சேவல் கூவியதே, அந்தக் கதை எனக்குத் தலைகீழ்ப் பாடம். வெளியே சேவல் கூவியது. நான் பாயில் எழுந்து உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி, "அப்பா, சேவல் கூவிருச்சுங்க" என்றேன்.

அவர் வாசற்படியில் ஒரு நொடி நின்றார். "கேட்டுச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஒன்றைத் திரும்ப விழுங்க முடியுமென்றால் என் மீதி ஆயுளில் பாதியைக் கொடுத்துவிடுவேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். எழுதியே வைக்கிறேன்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். நாற்பது பேர் இருப்போம். அத்தை முன்னால், அவளுக்குப் பின்னால் பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உபதேசியார், பிறகு நாம். வேப்பம்பூ உதிர்ந்து எல்லோர் தலையிலும் இருந்தது. கசப்பும் இனிப்புமான அந்த மணம் இன்றைக்கும் பங்குனியில் வந்தால் என் கை தானாகத் தலையைத் தடவிப் பார்க்கும். அத்தையோடு கம்பெனியில் வேலை செய்கிற ஒருவர் கேமராவோடு தெருமுனையில் நின்றார். தெருவுக்குள் நுழைவதைப் படம் எடுக்கவேண்டும் என்று அத்தை அவரைத் திருப்பூரிலிருந்து கூட்டிவந்திருந்தாள்.

சிறுபாலத்துக்கு வந்தோம். இனிமேல்தான் நடந்ததைக் கவனமாகப் படியுங்கள்.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் மிரட்டவில்லை. பாட்டுக்கூட நிற்கவில்லை. ஆனால் நாற்பது பேரும் குனிந்தோம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தோம். ஓசன்னா என்று பாடிக்கொண்டே கழற்றினோம். எங்கள் கை எங்களைக் கேட்காமலே அதைச் செய்தது. அந்த நேரத்தில் கேமரா கிளிக் என்றது. நீங்கள் பக்தி என்று எழுதியிருப்பது அதைத்தான்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். எங்கள் கைகளைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள். அவள் செருப்பும் அவள் கையில்தான் இருந்தது.

தெருவில் மூன்றாவது வீடு தோட்டத்துக்காரருடையது. அவர் வாசலில் நின்றிருந்தார். பக்கத்துக் கட்டுத்தரையில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா நின்றார். பெரியவர்கள் முன்னால் நம் ஆண்கள் துண்டைத் தோளில் போடக் கூடாது, அதுவும் அன்றைக்கு இருந்த வழக்கம். தோட்டத்துக்காரர் அப்பாவைப் பார்த்து, எங்களுக்கெல்லாம் கேட்கும்படி, "டேய், பூச்சிக்காளையை அவுத்து உடுடா" என்றார்.

பாட்டு நின்றுவிட்டது. கேமராக்காரர் சிறுபாலத்தைத் தாண்டி ஓடிப்போனார். அதனால்தான் அதற்குப்பின் ஒரு படமும் இல்லை.

அப்பா காளையை அவிழ்த்தார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தெரு நடுவுக்குக் கொண்டுவந்தார். அது மூச்சுவிட்டதில் புழுதி பறந்தது. என் அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. பயந்துதான் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த சிவப்புச் செருப்பைப் பார்த்தார். காளையின் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி நிறுத்தி, "நில்லு சாமி" என்று அதன் திமிலைத் தட்டினார். அது நின்றது.

பிறகு என்னிடம் வந்தார். தெருவில் மண்டி போட்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து என் ஒரு காலைத் தூக்கிப் புழுதியைத் துடைத்தார். அடுத்த காலையும் துடைத்தார். என் கையிலிருந்து செருப்பை வாங்கி மாட்டிவிட்டார். புதுச்செருப்பு, வார் இறுக்கம், பெருவிரலை உள்ளே தள்ள நேரமானது.

"போட்டுக்க கண்ணு. கல்லு குத்தும்" என்றார். அவர் வெறுங்கால்.

எழுந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வேண்டுமென்று போட்டாரா, கை போட்டுவிட்டதா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவின் மறுகோடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"எங்கடா போறே?" என்றார் தோட்டத்துக்காரர்.

"அவுத்து உடச் சொன்னீங்களேங்க, அவுத்துட்டேனுங்க" என்றார் அப்பா, திரும்பாமல்.

பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டது. நாற்பது பேரும் செருப்பைத் தரையில் போட்டுக் காலை நுழைக்கிற சத்தம். அத்தை அழுதுகொண்டே பாட்டை எடுத்தாள். சுருதி சேரவே இல்லை. இயேசுவுக்குக் கழுதை, எங்களுக்குக் காங்கேயம் காளை. தெரு முழுக்க நடந்தோம்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். ஊர்ப் பெண்கள் பரிசுத்த ஆவியானவரின் ஏவுதலால் நம் பாதங்களில் தண்ணீர் ஊற்றினார்கள் என்று இப்போது சாட்சி சொல்கிறீர்கள். நடந்தது வேறு. அந்த வாரம் மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டிருந்தார்கள், அதற்குப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். தெருக்கோடி வீட்டில் புதிதாக வாழ வந்திருந்த மருமகளுக்கு நம் முகங்கள் தெரியாது. அலங்காரக் காளை போல ஒன்று வருகிறது, பின்னால் வேப்பிலையோடு கூட்டம் வருகிறது. அவள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து காளையின் காலில் ஊற்றினாள். பாதி அப்பா காலிலும் மீதி என் புதுச்செருப்பிலும் விழுந்தது.

"ஏனுங்க, இது எந்த ஊர்க் கம்பமுங்க?" என்று அத்தையைக் கேட்டாள்.

"எருசலேமுங்க" என்றாள் அத்தை.

"அது எங்கீங்க, தாராபுரத்துக்கு அக்கட்டயா?"

"இன்னுங் கொஞ்சம் அக்கட்டீங்க" என்ற அத்தை, அந்தத் தெருவில் நின்றபடியே கழுதைமேல் வந்தவரின் கதையை நாலு வரியில் சொன்னாள். அதற்குள் மாமியார் வந்து மருமகளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். குடம் மட்டும் வாசலில் உருண்டது. அந்தப் பெண் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சொன்னது வீணாகவில்லை என்று மட்டும் அத்தை நம்பினாள்.

பவனி முடிந்ததும் அப்பா காளையைக் கொண்டுபோய்க் கட்டினார். தோட்டத்துக்காரர், "இனி வரவேண்டாம்" என்றார். "சரிங்க. தவிட்டுத் தண்ணி கொஞ்சம் வெதுவெதுன்னு இருந்தாத்தான் அது குடிக்குமுங்க. வர்ற ஆளுகிட்டச் சொல்லிப்போடுங்க" என்று அப்பா சொன்னதாக அம்மா சொன்னாள். தோட்டத்துக்காரர் மனம் திரும்பினார், காளையையே சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்தார் என்று ஒரு கதை உலவுகிறதே, அது சுத்தப் பொய். அவர் மனம் திரும்பவில்லை. காளை ஆறு மாதத்தில் சந்தைக்குப் போனது. நம்மில் நாலு குடும்பம் வேலை இழந்து திருப்பூருக்குப் போனது. அப்பா காங்கேயத்தில் கொப்பரைக் களத்தில் மூட்டை தூக்கினார். சாகும்வரை அவர் சட்டையில் தேங்காயெண்ணெய் வாசம் போகவில்லை. ரோட்டில் ஒரு சாம்பல் மாட்டைக் கண்டால் பஸ்ஸிலிருந்தே எட்டிப் பார்ப்பார்.

அந்தப் பெரிய வியாழக்கிழமை இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, உபதேசியார் கோயிலில் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவித் துடைத்தார். அப்பாவையும் உட்காரக் கூப்பிட்டார். அப்பா கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். "இந்த வருசம் உங்கப்பா அதை ஞாயித்துக்கெழமையே செஞ்சுபோட்டாங்க" என்று அம்மா என் காதில் சொன்னாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் துண்டின் நுனி மட்டும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத் துணிவில்லை. கடைசிவரை கேட்கவில்லை.

சிவப்புச் செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. படத்தில் அப்பா இல்லை. இருக்கிற ஒரே படம் நாம் பயந்த நேரத்துப் படம்.

செயலாளரே, மலரின் பின்னட்டை விளம்பரம் தோட்டத்துக்காரரின் பேரனுடைய எண்ணெய் மில் கொடுப்பது என்று எனக்கும் தெரியும். நல்ல பையன்தான், எனக்கு அவன்மேல் வருத்தம் இல்லை. ஆனால் அவன் மனம் நோகக் கூடாதென்று நம் பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைக்காதீர்கள். பொய்ச்சாட்சி கூடாது என்பதும் பத்துக் கட்டளையில் ஒன்றுதான். பயந்தோம் என்று சொன்னால்தான், பயந்தவர்கள் அப்புறம் நடந்தார்கள் என்பதைச் சொல்ல முடியும். சொல்வதற்கு நம்மிடம் இருக்கிற சுவிசேஷம் அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

படத்தைத் தாராளமாகப் போடுங்கள். கீழே இப்படி எழுதுங்கள். எழுதாவிட்டால் விழாவன்று மைக்கைப் பிடுங்கி நானே வாசிப்பேன்:

"பயந்துபோய்ச் செருப்பைக் கழற்றிய நம் சபை. ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுக்கொண்டோம். அதன்பிறகு அந்தத் தெருவில் கழற்றவில்லை."